இடப்பக்கம் திரும்பிய முகம்

தங்கம் விற்கிறவளுக்கு ஒன்று இரண்டாகத் தெரிந்தால் நல்லதுதானே என்று கடையில் எல்லோரும் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கையில் பிளாஸ்டிக் பட்டை கட்டி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள்.

இப்போது கடைக்கு வருகிற ஆளெல்லாம், "ராணிக்கா, கண்ணுக்கு என்னாச்சு? மூக்குத்தி எங்க?" என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் நான் முடிப்பதற்குள் தங்கள் மாமியாரின் மூட்டுவலிக் கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடையில் விற்பனையில் இருக்கிறேன். மகள் தர்ஷினி கைப்பிள்ளையாக இருந்தபோது சேர்ந்த வேலை. இன்று அவள் பாலர் பள்ளி ஆசிரியை. வீடு பாசிர் ரிஸ்ஸில். கணவர் குணா ரயில் பணிமனையில் டெக்னீஷியன். மூன்று பேருக்கும் காய்ச்சல், சளியைத் தவிர எதுவும் வந்ததில்லை. எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று பாலிகிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். எல்லைக்கோட்டில்தானே நிற்கிறது, நிற்கட்டும் என்று விட்டிருந்தேன்.

அன்று ஒரு அம்மாவுக்குக் கம்மல் காட்டிக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் ஒரே சட்டை, ஒரே குடையோடு இரண்டு பேர் நிற்கிறார்கள். "அண்ணன் தம்பியா? ரெண்டு பேரும் உள்ள வாங்க, ஏன் வெளியவே நிக்கிறீங்க?" என்றேன். அந்த மனிதர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. கம்மல் பார்த்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கையில் இருந்த கம்மல் ஒன்றாகத்தான் தெரிந்தது. அதன் பின்பக்கம் குத்தியிருந்த பொடி முத்திரையைக்கூட வாசிக்க முடிந்தது. கிட்டத்தில் எல்லாம் சரியாக இருந்தது. தூரத்தில், அதுவும் இடப்பக்கம் பார்த்தால்தான் மனிதர்களும் தூண்களும் ஒட்டிப் பிறந்த மாதிரி இரண்டிரண்டாக நின்றார்கள். தூக்கக் குறைச்சல் என்று நினைத்தேன். யார் கண்ணோ பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். மிளகாய் நெடி வந்ததே தவிர, கண் அப்படியே இருந்தது.

"கண்ணாடி பவர் ஏறியிருக்கும். இதுக்குப் போய் பயப்படுறியே" என்று குணா என்னைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனார். அந்தக் கடைக்காரர் வலது கண்ணை மூடச் சொன்னார். ஒன்றுதான் தெரிந்தது. இடது கண்ணை மூடச் சொன்னார். அப்போதும் ஒன்றுதான். இரண்டையும் திறந்தால் இரண்டு.

அவர் கையிலிருந்த டார்ச்சை வைத்துவிட்டார். "ஒரு கண்ணை மூடினாலும் ரெண்டாத் தெரிஞ்சா அது லென்ஸ் கோளாறு, என் வேலை. உங்களுக்கு அப்படி இல்ல. ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்ய மாட்டேங்குது. இது நரம்பு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றார். கண்ணாடி விற்கத் தெரிந்த ஒருவர் கண்ணாடி வேண்டாம் என்று சொன்னதும் நேராக டாக்சி பிடித்தோம்.

அவசரப் பிரிவில் அடையாள அட்டையைக் கேட்டார்கள், கொடுத்தேன். அடுத்த முகப்பில் கேட்டார்கள், கொடுத்தேன். இரத்தம் எடுக்கிற இடத்திலும் கேட்டார்கள். அன்றிலிருந்து எத்தனை கைகளுக்கு அந்த அட்டை போய் வந்ததோ, கணக்கே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தக்கசிவு இல்லை என்றார்கள். ஆனாலும் வார்டில் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் கண் டாக்டர் வந்தார். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருந்த ஒரு சீனப் பெண். அவர் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன்.

தலையை ஆட்டாமல் என் விரலைப் பாருங்கள் என்றார். விரல் வலப்பக்கம் போனது, கண்கள் போயின. இடப்பக்கம் வந்தது. வலது கண் ஒழுங்காக மூக்கை நோக்கி வந்தது. இடது கண் பாதி வழியில் நின்றுவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. எதிரே நின்ற தர்ஷினியின் முகம் மாறியதில்தான் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். மூளையிலிருந்து புறப்படும் நரம்புகளில் ஆறாவது நரம்பு ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரே வேலைதான், கண்ணை வெளிப்பக்கமாக இழுப்பது. அது சோர்ந்து போனால் கண் மூக்குப் பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு கண்ணும் இரண்டு திசை பார்க்க, மூளைக்கு இரண்டு படம் போகும். "உங்கள் இடது கண்ணின் ஆறாவது நரம்பு வேலை செய்யவில்லை. அது எனக்குத் தெரிகிறது. ஏன் என்பதுதான் தெரியவில்லை" என்றார்.

அந்த 'ஏன்' என்பதற்கு அவர் சொன்ன காரணங்களைக் கேட்டபோது காது அடைத்துக்கொண்டது. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ நரம்புக்குப் போகும் மெல்லிய இரத்தக்குழாயை அடைத்திருக்கலாம். அப்படியானால் சில மாதத்தில் தானே சரியாகிவிடும். தலையில் அடிபட்டிருக்கலாம். கிருமியாக இருக்கலாம், வீக்கமாக இருக்கலாம். அந்த நரம்பு மூளையின் அடியிலிருந்து எலும்பு மேல் ஏறி வெகுதூரம் வருகிறது, அதனால் தலைக்குள் எங்கே அழுத்தம் கூடினாலும் அது முதலில் நசுங்கலாம். மூக்கின் பின்புறமோ மண்டையின் அடியிலோ கட்டி இருக்கலாம். கடைசியில் சொன்னதைச் சாதாரணக் குரலில்தான் சொன்னார். எனக்கு அது மட்டும்தான் கேட்டது.

பிறகு கேள்விகள் தொடங்கின. தலைவலி உண்டா, மெல்லும்போது தாடை வலிக்கிறதா, தலை சீவினால் வலிக்கிறதா, மூக்கில் இரத்தம் வந்ததா? கண்ணுக்குள் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து ஆழத்தில் பார்த்தார்கள். தலைக்குள் அழுத்தம் இருந்தால் கண்ணின் பின்புறம் வீங்கியிருக்குமாம், வீக்கம் இல்லை. தசை சோர்வு நோயா என்று பார்க்க இமைமேல் ஐஸ் பை வைத்தார்கள், மாற்றம் இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் குணா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கோ, இல்லாதவையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழிந்து, இருப்பது மட்டும் மிச்சமாக நிற்கப்போகிறதே என்று திகில்.

வார்டில் இரவு என்று ஒன்று கிடையாது. விளக்கைக் குறைப்பார்களே தவிர அணைப்பதில்லை. அடுத்த கட்டிலில் இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்த ஒரு சீன ஆன்ட்டி. நான் புரண்டுகொண்டே இருப்பதைப் பார்த்து, "ஸ்லீப் லா, திங்க் டுமாரோ" என்று திரைச்சீலைக்கு அடியால் ஒரு ஆரஞ்சை நீட்டினார். இடப்பக்கக் கோடியில் இருந்ததால், கிட்டத்திலேயே எனக்கு இரண்டு ஆரஞ்சு தெரிந்தது. இல்லாத ஆரஞ்சைப் பிடிக்கக் கையை நீட்டி, காற்றைப் பிடித்தேன். அதுவரை அழாதவள் அப்போது அழுதேன்.

எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு வரிசையில் காத்திருந்தபோதுதான் டாக்டர் அதைக் கேட்டார். "பழைய புகைப்படங்கள் இருந்தால் கொண்டு வாருங்கள்."

விளக்கமும் சொன்னார். இந்த நரம்பு சோர்ந்தவர்கள், இரண்டாகத் தெரிவதைத் தவிர்க்கத் தங்களை அறியாமலே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். இடது கண் என்றால் முகம் இடப்பக்கம் திரும்பும். பழைய படங்களிலும் முகம் அப்படித் திரும்பியிருந்தால், இந்தப் பலவீனம் சிறு வயதிலிருந்தே இருந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். அது பயப்பட வேண்டிய வகை இல்லை.

தர்ஷினி போனில் இருந்த படங்களையெல்லாம் தோண்டினாள், வீட்டு ஆல்பத்தையும் தூக்கி வந்தாள். கட்டிலில் பரப்பி வைத்ததும், "மா! பாருங்கம்மா! எல்லாத்துலயும் லெஃப்ட்ல திரும்பியிருக்கீங்க!" என்று கத்தினாள். தாதி வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள்.

உண்மைதான். கடையின் தீபாவளிப் படம், இடப்பக்கம். அவள் பட்டமளிப்பு விழா, இடப்பக்கம். தைப்பூசத்தில் பால்குடத்தோடு, இடப்பக்கம். மாமா மகன் கல்யாண மேடையில் அத்தனை பேரும் நேராகப் பார்க்க, நான் மட்டும் இடப்பக்கம்.

டாக்டர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. "பல வருடமாக இருக்கிறது போலத் தெரிகிறது. எம்ஆர்ஐ கட்டாயம் எடுப்போம், ஆனால் அவசரம் இல்லை. வீட்டுக்குப் போங்கள், வெளிநோயாளியாக வந்து எடுத்துக்கொள்ளலாம்" என்றார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று குணா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பசிக்குதுடி இப்பதான்" என்று கீழே சாப்பாடு வாங்கப் போனார். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மெடிசேவ் மருத்துவச் சேமிப்புப் பணம் போதுமா, வேலைக்கு எத்தனை நாள் லீவு என்று தர்ஷினி உற்சாகமாகப் பேச ஆரம்பித்தாள். உயிர்ப்பயம் போனால்தான் பில் பயம் வரும்.

நான் மட்டும் ஆல்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படங்களில் நான் ஏன் திரும்பியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

என் வலது மூக்கில் ஏழுகல் பேசரி மூக்குத்தி போட்டிருந்தேன். மகள் பிறந்ததும் குணா வாங்கிக் கொடுத்தது. கடையில் சேர்ந்த முதல் தீபாவளிக்கே முதலாளி, "நம்ம கடைப் பொண்ணு போட்டோவுல நின்னா நகை நிக்கணும். ராணி, மூக்குத்திப் பக்கம்!" என்றார். நான் இடப்பக்கம் திரும்பி, கல் மின்னும்படி நின்றேன். அந்தப் படம் கடை நாள்காட்டியில் வந்தது. அதன்பின் யார் கேமராவைத் தூக்கினாலும், யாரும் சொல்லாமலே, மூக்குத்திப் பக்கம்தான். நகைக்கடையில் வேலை பார்க்கிற எவளைக் கேட்டாலும் சொல்வாள், வளையல்காரி கையை முன்னால் வைப்பாள், அட்டிகைக்காரி கழுத்தை நீட்டுவாள். இது நோயா? தொழில்.

ஆனால் அடி மனசு இன்னொன்றும் சொன்னது. ஒருவேளை டாக்டர் சொல்வதுதான் சரியோ? திரும்பி நின்றது சுகமாக இருந்ததால்தான் அப்படியே பழகிவிட்டேனோ? வீட்டுக்குப் போகலாம் என்கிறார்களே, வாயை மூடிக்கொண்டு போனால் என்ன? எனக்கும் வீட்டுக்குப் போகத்தான் ஆசை.

அப்போது வார்டு எழுத்தர் வந்தார். வீட்டுக்கு அனுப்புவதற்கு அடையாள அட்டை வேண்டுமாம். பையிலிருந்து எடுத்து நீட்டினேன். நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டேன்.

அடையாள அட்டைப் படத்துக்கு மூக்குத்திப் பக்கம் எல்லாம் செல்லாது. நேராகத்தான் பார்க்க வேண்டும். அந்தப் படத்தில் நான் அம்பு மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கண்ணும் நடுவில், ஒன்றுபோல. அப்படியானால் இந்தக் கோளாறு பழையது இல்லை. எத்தனை முகப்பில் கொடுத்து வாங்கினேன்! நான் உட்பட ஒருவரும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

"தர்ஷி, டாக்டரைக் கூப்பிடு."

"ஏம்மா? அவங்களே ஓகேன்னு சொல்லிட்டாங்களே."

மூக்குத்தி விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது. "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? எப்படியும் ஸ்கேன் எடுக்கத்தானே போறாங்க! அப்பா இப்பதான் பசிக்குதுன்னு சாப்பாடு வாங்கப் போயிருக்காரு. ப்ளீஸ்மா, ஒரு நாளாவது..." முடிக்காமல் ஆல்பத்தை மூடினாள்.

"எனக்கு மட்டும் ஆசையாடி? கூப்பிடு."

டாக்டர் அட்டையை வாங்கி, கண் பார்க்கிற லென்ஸை அதன்மேல் வைத்துப் பார்த்தார். வெளிச்சப் புள்ளி இரண்டு கண்ணிலும் நடுவில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்களாம். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் மூக்குத்தியைப் பார்த்தார். "இதைச் சொன்னது நல்லதாயிற்று" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். அன்றே ஸ்கேன் என்றார்கள். குணா இரண்டு பொட்டலம் மீ கோரெங் நூடுல்ஸோடு சிரித்துக்கொண்டே வந்தார். அவரிடம் யார் சொல்வது என்று நானும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் நான்தான் சொன்னேன். பொட்டலத்தை அவர் பிரிக்கவே இல்லை.

எம்ஆர்ஐ பெரிய காந்தம். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. பேசரியின் திருகு இத்தனை வருடத்தில் இறுகிப் போயிருந்தது. தாதி முயன்றார், முடியவில்லை. குணா எண்ணெய் வாங்கி வந்து, திருகில் தடவித் தடவி, ரயில் போல்ட்டைக் கழற்றுகிற பொறுமையோடு கழற்றினார். வலித்தது. அவர் கண்ணில்தான் தண்ணீர் வந்தது.

தாலிச் சங்கிலியையும் கழற்ற வேண்டும் என்றபோது எனக்குக் கை வரவில்லை. "தாலியைக் கழட்டி வைக்கக் கூடாதுன்னு சொல்வாங்க..." என்றேன்.

"யார் வைக்கப் போறா?" என்றவர், அதை வாங்கித் தன் கழுத்தில் போட்டு, சட்டைக்குள் விட்டுக்கொண்டார். "இந்தா, கழுத்துலதான் இருக்கு. யார் கழுத்துன்னு சாமி கேட்கப் போகுதா? நீ போயிட்டு வா."

குழாய்க்குள் தள்ளினார்கள். கட்டடம் உடைக்கிற சத்தம். நடுவில் கைவழியே மருந்து ஏற்றினார்கள், குளிர்ச்சியாக ஏறியது. காலி மூக்குத் துளையில் காற்று பட்டது. மஞ்சள் சட்டைக்குள் என் தாலியோடு வெளியே உட்கார்ந்திருக்கும் மனிதனை நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

கட்டிதான். மண்டையின் அடியில், அந்த நரம்பு எலும்பு மேல் ஏறுகிற இடத்தில், ஒரு கொண்டைக்கடலை அளவு. புற்றுநோய் வகையாகத் தெரியவில்லை, மெதுவாக வளர்வது என்றார் மூளை டாக்டர். சந்தோஷப்பட வாயைத் திறந்தேன். "ஆனால் இருக்கும் இடம் மோசம். கத்தி வைத்தால் மற்ற நரம்புகளும் போகலாம்" என்றார். நல்ல கட்டி, கெட்ட இடம். கதிர்வீச்சை அந்த ஒரு புள்ளியில் பாய்ச்சி, வளராமல் நிறுத்தப் பார்ப்பது என்று முடிவானது. கட்டியை எடுக்க மாட்டார்கள். அது அங்கேயேதான் இருக்கும், தூங்க வைப்பார்கள், அவ்வளவுதான்.

முகத்துக்கு அச்செடுத்த முகமூடியை மேசையோடு பூட்டி, தலை அசையாமல் வைத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். வலியில்லை. சோர்வும் வாந்தியும் இருந்தன. குணா விடுப்பெடுத்து ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். அதைக் குடித்ததுதான் உண்மையான சிகிச்சைக் கொடுமை என்று சொல்லிச் சொல்லி அவரைச் சிரிக்க வைத்தேன். இரண்டாகத் தெரியாமலிருக்க இடது கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டிக் கொடுத்தார்கள். மாதங்கள் போகப் போக, கண் அங்குலம் அங்குலமாக வெளிப்பக்கம் நகர்ந்தது. ஒரு காலை, பால்கனியின் இடது மூலையில் இருந்த துளசித் தொட்டி ஒன்றாகத் தெரிந்தது. "ஒண்ணுதாங்க! ஒண்ணே ஒண்ணு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா கதவைத் திறந்து பார்த்தார்.

தாளைப் பிரித்தார்கள். கடைக்குத் திரும்பினேன். அடிக்கடி ஸ்கேன் இருப்பதால் மூக்குத்தி போடுவதில்லை. துளை தூர்ந்துகொண்டு வருகிறது.

இதோடு முடித்திருக்கலாம். போன வாரம் வரைக்கும் இதுதான் முடிவு.

போன வாரம் கடையில் தீபாவளிப் படம் எடுத்தோம். முதலாளி என்னைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். "எல்லாரும் நேரா பாருங்கம்மா" என்றார். நான் நேராக நின்றேன். நேராக நின்றதாகத்தான் சத்தியம் செய்வேன்.

வேலை முடிந்து அழைத்துப் போக வந்த குணாவோடு, விளக்கலங்காரத்துக்கு அடியில் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தேன். போனில் படம் வந்தது. அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்தவர் நடையை நிறுத்தினார். போனைச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனார், நான் பிடுங்கினேன்.

எல்லோரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இடப்பக்கம் திரும்பியிருந்தேன். காட்டுவதற்கு மூக்கில் ஒன்றுமே இல்லை.

"பழக்கம்மா" என்றார் குணா. "இத்தன வருஷமா அப்படியே நின்னு பழகிட்டே. அதான். வேற ஒண்ணுமில்ல." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சாலையை நேராகப் பார்த்து நின்றேன். தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் இடப்பக்கம் கொண்டுபோனேன். தூரத்து வளைவில் விளக்கு மயில் ஒன்று தோகை விரித்து நின்றது. ஒன்றுதான். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போனேன். மயிலின் கழுத்து மெல்லப் பிரிந்தது. பக்கத்தில் இன்னொரு மயில் வந்து நின்றது.

"ராணி, வீட்டுக்குப் போய் பழைய போட்டோவோட வச்சுப் பார்ப்போமே..."

"பழைய போட்டோ எதையும் எடுக்காதீங்க" என்றேன். "டாக்டருக்குப் போன் போடுங்க."